களவினும் கொடிது போலி

தொலைக்காட்சியில் இரவு வேளைகளிலே காட்டப்பெறும் துப்பறியும் படங்களை நம்மவர் தோட்டத்திலும் பட்டணத்திலும் விரும்பிப் பார்க்கின்றனர். அவற்றுள் சித்திரக் களவைப் பொருளாகக் கொண்ட படங்கள் ஒரு தனிச் சாதி எனலாம். செல்வர் ஒருவர் மாளிகையிலே முந்நூறு ஆண்டுப் பழமை வாய்ந்த ஓவியம் ஒன்று தொங்குகின்றது. வருவோரெல்லாம் அதனைக் கண்டு வியந்து போகின்றனர். ஒரு நாள் நிபுணர் ஒருவர் வந்து, பூதக்கண்ணாடி வைத்து நோக்கி, "ஐயா, இஃது அசல் அன்று, யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள்" என்கிறார். அப்புறம் கேட்க வேண்டுமா? தோட்டக்காரன், காரியதரிசி, மருமகன் என்று எல்லார் மீதும் ஐயம் விழுகின்றது. துப்பறிவாளர் சுருட்டுச் சாம்பலையும் சுவரிலுள்ள ஆணியையும் ஆராய்கின்றார். கடைசியில் அசல் வெளிப்படுகின்றது. திருடன் கையில் விலங்கு விழுகின்றது. நாமும் விளக்கை அணைத்துவிட்டு உறங்கப் போகின்றோம்.

ஆயினும் உறக்கம் வருமுன் ஒரு கேள்வி எழவே செய்கின்றது. ஓவியம் மாற்றப்பட்ட நாள் முதல் நிபுணர் வந்த நாள் வரையில் அவ்வீட்டார் பார்த்து மகிழ்ந்தது போலியைத்தானே? அம்மகிழ்ச்சியிலே யாது குறை இருந்தது? விருந்தினர் வியந்தார்களே, அவ்வியப்பு பொய்யா? கண்ணுக்கு வேற்றுமை தெரியாதபோது அவர்கள் இழந்தது என்ன? துப்பறிவாளர் இதைக் கேட்பதில்லை; அஃது அவருக்குரிய வேலையன்று. நாம் கேட்டுப் பார்ப்போம்.

"கண்ணுக்குத் தெரியாத வேற்றுமை வேற்றுமையே அன்று; வயிறு நிறைந்தால் நெல் எந்த வயலில் விளைந்தால் என்ன?" என்பது ஒரு கட்சி. "போலி போலிதான், பித்தளை பொன்னாகாது" என்பது மற்றொரு கட்சி. முன்னது அறிவுடையார் பேச்சுப் போலவும், பின்னது பழம்பொருட் பித்தர் பேச்சுப் போலவும் முதலில் தோன்றும். நாம் பின்னவர் பக்கமே சாய்கின்றோம். ஆனால் அவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணத்தை ஏற்கின்றோமில்லை. பித்தளையையும் பொன்னையும் பிரித்துக் காட்ட உரைகல் உண்டு. உரைகல்லும் ஏமாந்துபோன இடத்திலேதான் நம் கேள்வி பிறக்கின்றது.

அப்படி ஏமாந்த வரலாறு ஒன்று ஹாலந்து தேசத்திலே நடந்தது. ஹான் வான் மீகெரன் என்பவர் 1889-ல் பிறந்த ஓவியர். அவர் தம் பெயரில் வரைந்த படங்களை விமர்சகர்கள் சிறப்பாக மதிக்கவில்லை. மனம் கசந்த அவர், பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த வெர்மீர் என்னும் மாபெரும் ஓவியரின் பெயரில் படம் எழுதத் துணிந்தார். வெர்மீர் எழுதியனவாக இன்று உலகம் ஒப்புக்கொள்ளும் ஓவியங்கள் முப்பத்தைந்தை ஒட்டியனவே. ஆகவே புதிதாக ஒன்று கிடைத்தது என்றால் கலையுலகம் ஓடி வரும் என்று மீகெரன் கணக்கிட்டார். பழைய காலத்துச் சித்திரம் ஒன்றை வாங்கி, அதன்மேலிருந்த வர்ணத்தைச் சுரண்டி எடுத்து, அத்துணியின் மேல் எழுதினார். எண்ணெய் வர்ணம் நன்றாக இறுகப் பல பத்தாண்டுகள் செல்லும். அதற்காக, மின்சாரச் சாமான்கள் செய்யப் பயன்படும் பேக்கலைட்டு வகைப் பிசினை வர்ணத்தோடு கலந்து, படத்தை அடுப்பிலிட்டுச் சுட்டார். உருளையில் சுற்றி வெடிப்புகளை உண்டாக்கினார். வெடிப்புகளிலே மையைத் தடவினார், நூற்றாண்டு அழுக்குப் போலத் தோன்ற வேண்டுமென்று. எவ்வளவு உழைப்பு! இதில் பாதியைத் தம் சொந்தக் கலைக்குக் கொடுத்திருப்பாராயின் என்ன ஆகியிருக்குமோ என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

1937-ல் எண்பத்திரண்டு வயதுடைய ஆபிரகாம் பிரேடியுஸ் என்னும் பெரும் அறிஞர் அப்படத்தைக் கண்டார். எம்மாவு என்னும் ஊரில் ஏசுநாதர் சீடரோடு உணவருந்தும் காட்சி அது. வெர்மீரின் தலைசிறந்த படைப்பு இதுவே என்று அம்முதியவர் எழுதினார். ஐந்து இலட்சம் கில்டருக்கு மேற்பட்ட விலையில் ரோட்டர்டாம் நகரத்து அருங்காட்சியகம் அதனைப் பெற்றது. மக்கள் திரண்டு வந்து அதன்முன் நின்றனர். பின்னும் பல போலிகள் வந்தன. யுத்த காலத்திலே ஒன்று நாஜித் தலைவருள் ஒருவனான கோரிங்கின் கைக்குப் போயிற்று. 1945 மே மாதத்தில் மீகெரன் கைதானபோது அவர்மேல் சாட்டிய குற்றம் போலி செய்தது அன்று. தேசச் செல்வமாகிய வெர்மீர் ஓவியத்தைப் பகைவனுக்கு விற்றார் என்பது. தலைக்கே ஆபத்து என்று கண்ட அவர், "அது வெர்மீருடையதன்று, என் கையால் எழுதியது" என்று வாய் திறந்தார். யாரும் நம்பவில்லை! பிறகு காவலர் முன்னிலையிலேயே புதிதாக ஒரு "வெர்மீர்" எழுதிக் காட்ட வேண்டியதாயிற்று. 1947 நவம்பரில் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பாயிற்று. சிறை புகுமுன்பே, அவ்வாண்டு டிசம்பர் 30-ந் தேதி இறந்துபோனார்.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. அந்த எம்மாவுப் படத்தின் துணியிலோ வர்ணத்திலோ ஓர் அணுவும் மாறவில்லை. 1938-ல் அதைக் கண்டு உருகியவர்களே பின்னர், "முகங்கள் வீங்கியிருக்கின்றன; கண்ணிமை கனத்துக் கிடக்கின்றது; இதையா வெர்மீர் என்றோம்!" என்றனர். எது பொய்? முன்னர்க் கண்ட கண்ணா, பின்னர்க் கண்ட கண்ணா? இரண்டும் அல்ல என்பது எம் கருத்து. மனிதன் கண்ணால் மட்டும் காண்பதில்லை. ஒரு பொருளின்முன் நிற்கும்போது, இதை யார் செய்தார், எக்காலத்தில் செய்தார், எந்தத் துன்பத்திலும் மகிழ்ச்சியிலும் செய்தார் என்பதையும் சேர்த்தே காண்கின்றான். முந்நூறு ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஒருவரோடு பேசுவதாக எண்ணி அவன் நிற்கின்றான். அவ்விடத்திலே வேறொருவன் மறைந்து நின்று குரலை மாற்றிப் பேசினால், பேச்சு எவ்வளவு இனிதாயினும், பேசியது யார் என்ற ஒன்றில் அவன் வஞ்சிக்கப்பட்டானே!

"அப்படியாயின், கைதான் முக்கியமோ? எவன் கை எழுதியதோ அவன் பொருளே அசலோ?" என்று கேட்கலாம். ஐரோப்பியர் பெரும்பாலும் அவ்வாறே சொல்லுவர். நாம் ஒப்பவில்லை. பழைய நாளில் இந்நாட்டுத் தோட்டங்களிலே எழுத்தறியாத தொழிலாளிகளுக்குக் கிராணிமாரும் பள்ளி ஆசிரியர்களும் ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். "க்ஷேமம், க்ஷேமத்துக்குக் கடிதம் எழுதவும்" என்பது முதல் கடைசி வரி வரை கை கிராணியுடையது. சொற்களிற் பாதியும் அவருடையதே. ஆயினும் அக்கடிதம் போலியா? ஊரிலே அதைப் படிக்கக் கேட்ட தாய் ஏமாற்றப்பட்டாளா? இல்லை. மகன் அருகிருந்து சொல்ல, மகனுக்காக எழுதப்பட்டது. கை வேறாயினும் கடிதம் மகனுடையதே. ஆகவே கை அன்று முக்கியம்.

படி எடுத்தலும் குற்றமன்று. ஆபீசிலே நாள்தோறும் நாம் நகல் எடுக்கின்றோம். "மூலத்திற்கு ஒத்த நகல்" என்று முத்திரை குத்திக் கையெழுத்தும் வைக்கின்றோம். தன்னை நகல் என்று சொல்லிக்கொள்ளும் நகலைப் போல யோக்கியமான பத்திரம் வேறில்லை. நம் சிற்பிகளின் மரபும் இதனையே காட்டுகின்றது. சுவாமிமலையிலே ஸ்தபதிகள் மெழுகில் உருவமைத்து, மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்க்கின்றனர். அச்சை உடைத்தே உருவத்தை எடுக்க வேண்டுமாதலால் ஒவ்வொரு திருமேனியும் தனிப் பிறவி. ஆயினும் அளவுகள் பழைய சாத்திர அளவுகளே. சோழர் காலத்து நடராசரைப் போன்றதோர் உருவை இன்று வார்ப்பவரைப் போலி செய்தவர் என்று யாரும் பழிப்பதில்லை. பழையது பின்னமானால் புதியது வார்த்துக் குடமுழுக்குச் செய்வதும் வழக்கமே. வெர்மீரின் நாட்டார் ஓவியனின் பெயரைத் தேடுவர். நம் சிற்பிகளோ திருமேனிகளில் தம் பெயரைப் பொறித்துக் கொள்ளவில்லை. அப்படிப்பட்ட மரபில் "போலி" என்ற சொல்லுக்கே இடமில்லை என்றுகூடச் சிலர் சொல்லிவிடுவர்.

இடமுண்டு என்று காட்டியது சிவபுரம்.

கும்பகோணத்திற்கு அருகிலுள்ள சிற்றூர் அது. 1951-ல் அங்கே மண்ணுக்குள்ளிருந்து சில செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று பத்தாம் நூற்றாண்டுச் சோழர் காலத்து நடராசர். முறைப்படி அவை ஊர்க் கோயிலுக்கே அளிக்கப்பெற்றன. சில ஆண்டுகளில் பழுதுபார்ப்பதற்காக ஒரு சிற்பியிடம் அனுப்பப்பட்டன. பழுது பார்த்துத் திரும்பி வந்தவை அவையல்ல. அவற்றைப் போலவே புதிதாக வார்த்த உருவங்கள். அசல் நடராசர் கைமாறிப் பம்பாய்க்குப் போய்விட்டார். ஊரார் அறியார். விளக்கேற்றினர், பூச்சூட்டினர், திருவாதிரைகள் வந்து போயின. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இவ்வாறு கழிந்தபின், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து அறிஞர் டக்ளஸ் பாரெட் சோழர் செப்புத் திருமேனிகளைப் பற்றி 1965-ல் வெளியிட்ட நூலிலே, சிவபுரத்துக் கோயிலில் இருப்பது அண்மைக் காலத்து உருவமே என்றும், அசல் பம்பாயில் தனியார் ஒருவரிடம் உள்ளது என்றும் எழுதினார். கடல் கடந்த நாட்டு அறிஞர் ஒருவரின் புத்தகத்தைக் கொண்டுதான் சிவபுரத்துச் செய்தி உலகுக்குத் தெரிய வேண்டியிருந்தது! 1973-ல் நார்டன் சைமன் என்னும் அமெரிக்கச் செல்வர் ஏறத்தாழப் பத்து இலட்சம் டாலர் கொடுத்து அதனை வாங்கினார். இந்திய அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. 1976-ல் சமரசமாகி, பத்து ஆண்டு அவர் காட்சிசாலையில் வைத்திருந்தபின் திருப்பித் தருவது என்று முடிவாயிற்று. 1986-ல் நடராசர் தாய்நாடு திரும்பினார்.

இனி நம் கேள்விக்கு வருவோம். அந்தப் பத்து ஆண்டுகளில் சிவபுரத்துக் கோயிலில் கைகூப்பி நின்ற கிழவியின் பக்தி போலியா? மகனுக்குக் காய்ச்சல் தணிய வேண்டுமென்று அவள் வேண்டிக்கொண்டது வீணா? பக்தியை மதிப்பவர் எவரும் அப்படிச் சொல்லத் துணியார், நாமும் சொல்லோம். அவள் கண்ணீர் அசல். உருவம் புதியது என்பதும் குறையன்று என்று மேலே கண்டோம். பின் அவளுக்கு நேர்ந்த தீங்குதான் யாது?

இதைத் தெளிய முன்சொன்ன கடிதத்தையே சற்று மாற்றி எண்ணிப் பார்ப்போம். திருச்சி ஜில்லாச் சிற்றூரிலே ஒரு தாய். அவள் மகன் மலாயாத் தோட்டத்திலே காய்ச்சலில் இறந்துபோகின்றான். அவனுடைய கூட்டாளி ஒருவன், கிழவி துன்புறுவாளே என்று இரங்கியோ, அல்லது அவளிடமிருந்து நிலப்பத்திரத்தை வரவழைக்க எண்ணியோ, மகன் பெயரிலேயே தொடர்ந்து கடிதம் எழுதி வருகின்றான். கடிதங்கள் மகன் காலத்தவற்றினும் அன்பு மிக்கவை. தாய் மகிழ்கின்றாள். அவள் அன்பு உண்மை, மகிழ்ச்சியும் உண்மை. ஆயினும் மகன் இறந்தான் என்று அறிந்து அழும் உரிமை அவளுக்கு இல்லாமற் போயிற்று. அவனுக்கு ஈமக்கடன் செய்யவும், அவன் எப்படி இறந்தான் என்று கேட்கவும், வேண்டுமானால் தோட்டத்து நிர்வாகத்தின்மேல் வழக்காடவும் அவளுக்கு வழியில்லை. இரக்கத்தால் எழுதினாலும் இது தீங்கே. பேராசையால் எழுதினால் சொல்லவும் வேண்டா. சிவபுரத்தாருக்கு நேர்ந்ததும் இதுவே. அவர்கள் பொருளை மட்டுமா இழந்தார்கள்? இழந்தோம் என்னும் அறிவையும் இழந்தார்கள். திருட்டுக் கொடுத்தவன் போலீஸிடம் ஓடுவான், ஊரைக் கூட்டுவான், தேடுவான். திருட்டுப் போனதே தெரியாதவன் எங்கே ஓடுவான்?

இதற்கு நேர்மாறானதொரு காட்சியையும் காண்க. 1911 ஆகஸ்டு 21-ந் தேதி, பாரிஸ் நகரத்து லூவ்ர் அருங்காட்சியகத்திலிருந்து மோனா லிசா ஓவியம் களவு போயிற்று. முன்பு அங்கே வேலை பார்த்த இத்தாலியன் ஒருவன் எடுத்துச் சென்றுவிட்டான். 1913 டிசம்பரில் பிளாரன்ஸ் நகரில் அகப்பட்டது. களவு போன பின் அருங்காட்சியகம் மறுபடி திறக்கப்பட்டபோது கூட்டங் கூட்டமாக மக்கள் வந்தார்கள். எதைக் காண? ஓவியம் இருந்த வெறுஞ்சுவரைக் காண! நகைப்புக்கிடமாகத் தோன்றலாம், எமக்கு நகைப்பு வரவில்லை. பாஸ்டன் நகரில் இஸபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் என்னும் அம்மையார் நிறுவிய அருங்காட்சியகத்திலே 1990 மார்ச் 18-ந் தேதி போலீஸ் உடை தரித்த இருவர் புகுந்து பதின்மூன்று கலைப்பொருள்களைக் கவர்ந்து சென்றனர். அவற்றுள் ஒன்று வெர்மீரின் அசல் ஓவியம். இன்றளவும் எதுவும் கிடைக்கவில்லை. அங்கே வெற்றுச் சட்டங்கள் சில அந்தந்த இடத்திலேயே தொங்குகின்றன. அழகான நகல்களை அவற்றில் மாட்டிவிடுவது எளிது, மாட்டவில்லை. லூவ்ரில் புகுந்த திருடன் கொடியவன்தான். ஆனால் அவன் ஒரு வெற்றிடத்தை விட்டுச் சென்றான். வெற்றிடம் பொய் சொல்லாது. சிவபுரத்துத் திருடன் வெற்றிடத்தையும் அடைத்துவிட்டுப் போனான்.

நம் வாசகருள், "கோயிற் செம்பு திருட்டுப் போனால் நமக்கென்ன? இதுவும் செம்பு, அதுவும் செம்பு, உருவ வணக்கமே வேண்டாம் என்கிறோம் நாம்" என்று சொல்லும் சீர்திருத்த அன்பர்களும் இருப்பர். அவர்கள் கொள்கையோடு இங்கே நாம் வழக்காட வரவில்லை. ஆனால் அவ்வன்பர்கள் எதை வெறுக்கின்றார்கள்? பாமர மக்களின் நம்பிக்கையை மூலதனமாக வைத்து, அறிந்தவர்கள் சிலர் வயிறு வளர்ப்பதையல்லவா? சிவபுரத்தில் நடந்தது அதுதான். ஏழைக் குடியானவர் கும்பிட்டுக்கொண்டிருக்கட்டும், அவர்களுக்கு என்ன தெரியப் போகிறது என்ற எண்ணத்தில்தானே அத்தொழில் நடந்தது? மக்களை மடையராக்குவதை எதிர்ப்பவர் முதலில் எதிர்க்க வேண்டியது இதனையே. தவிரவும், அத்திருமேனியை வணங்காதவர்க்கும் அது தமிழனுடைய கைத்திறன். ஆயிரம் ஆண்டுக்கு முன் நம்மவர் செம்பை எவ்வாறு வளைத்தனர் என்பதற்குச் சாட்சி. அச்சாட்சியை ஒளித்துவிட்டுப் பொய்ச்சாட்சியை நிறுத்துவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம்.

இவ்விடத்திலே கணக்கெழுதிப் பிழைக்கும் எம் போன்றோர் வெட்கப்பட வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து 2006-ல் களவுபோன நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிற்று. அங்கே சிலை போலியன்று, காகிதம் போலி. பழம்பொருள்கள் பற்றிய இந்தியச் சட்டம் 1972-ல் வந்தது. ஆகவே சிலை அதற்கு முன்னரே நாட்டைவிட்டுப் போய்விட்டதென்று காட்டும் பத்திரங்களை உண்டாக்கிக் கொடுத்தார்கள். கல்லும் உலோகமும் பொய் சொல்லக் கற்றுக்கொள்ளப் பல நாள் ஆகும். காகிதத்திற்கு ஒரு மாலைப்பொழுது போதும். ஒரு தட்டச்சும் ஒரு கையெழுத்துமாக ஆயிரம் ஆண்டுச் சிலைக்கு ஒரு புதுப் பிறப்பு வளர்ப்பு எல்லாம் கிடைத்துவிட்டன. பேரேட்டிலே ஒரு புள்ளியை நகர்த்தினால் ஓராளின் ஒரு நாட் கூலி போகும் என்பது அறிந்த நமக்கு, இதில் வியப்பில்லை.

அப்பொய்யை உடைத்தது எது என்று பாருங்கள்: ஒரு நகல்! புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் தமிழ்நாட்டுக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று படம் பிடித்து அடுக்கி வைத்திருந்தனர். களவுக்கு முன் ஸ்ரீபுரந்தானில் எடுத்த நிழற்படத்தையும் ஆஸ்திரேலியாவில் நின்ற சிலையையும் ஒப்பிட்டபோது ஐயம் தீர்ந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் அதனை டில்லியில் இந்தியப் பிரதமரிடம் ஒப்படைத்தார். உள்ளங்கை அளவுப் புகைப்படம், தன்னை நடராசர் என்று ஒருநாளும் சொல்லிக்கொள்ளாத நகல், மறைந்துபோன மூலத்தை வீட்டுக்கு அழைத்து வந்தது. நகலுக்கும் போலிக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாக யாம் சொல்ல வல்லோமல்லோம்.

துப்பறியும் படங்களில் அசல் கிடைத்தவுடன் போலியை மறந்துவிடுகின்றனர். திரையிலே அது மூலையில் சாத்தி வைக்கப்பட்டுவிடும். ஊரிலே அவ்வாறு எளிதில் முடியாது. பத்து ஆண்டு பாலும் பூவும் பெற்ற உருவத்தை என் செய்வது? உருக்கிவிடலாமா? அதனை வார்த்த கை வஞ்சகக் கையாயினும் வணங்கிய கைகள் வஞ்சகமற்றவையாயிற்றே. மறுபுறம், இன்று தமிழ்நாட்டில் பல கோயில்களின் பழைய திருமேனிகள் களவுக்கு அஞ்சித் திருவாரூர் முதலிய இடங்களிலுள்ள காப்பகங்களிலே பூட்டி வைக்கப்பட்டுள்ளன. மீண்டுவந்த தெய்வம் கம்பிக்கதவுக்கு உள்ளே; ஊர்ச் சந்நிதியோ வெறிச்சென்று. அச்சந்நிதிக்கு ஒரு புதுத் திருமேனியை வார்த்து வைக்கலாமா என்று கேட்டால், வைக்கலாம் என்றே நாம் சொல்லுவோம். ஆனால் அதிகாரிகளும் தர்மகர்த்தாக்களும் மூடிய அறையில் முடிவு செய்து ஓரிரவில் மாற்றி வைக்கலாகாது. ஊரைக் கூட்டி, "பழையவர் இன்ன இடத்தில், இன்ன காரணத்தால் இருக்கின்றார், இவர் புதியவர், உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்க வேண்டும். புதியது என்று அங்கேயே ஒரு கல்லில் எழுதியும் வைக்க வேண்டும். அப்புறம் அக்கிழவி கைகூப்புவதும் கூப்பாததும் அவள் விருப்பம்.